சீலர் காயும்வரை தரைக்காரரை மூலையில் நிறுத்தி வைத்தது குறித்து

என் பெயர், காலஞ்சென்ற என் கணவர் பெயர், வீட்டு எண் ஆகியவை இத்துடன் உள்ள தனித்தாளில் பதிவாகியுள்ளன. வயது எழுபத்து நான்கு. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தேன். தமிழும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியும். ஞாபகத்தில் குறை இல்லை. இதைக் காவல் நிலைய எழுத்தர் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். மேற்படி வீட்டில் முப்பத்தோர் ஆண்டுகளாக இருக்கிறேன். கணவர் இறந்த பிறகு ஒன்பது ஆண்டுகளாகத் தனியாக இருக்கிறேன். ஒரே மகன் மனைவியோடு வேறு தெருவில் வசிக்கிறான். அவனுடைய அலுவலகம் என் வீட்டிலிருந்து நடந்து போனால் பத்து நிமிடம். தரைக்காரர் என்று எங்கள் பகுதியில் எல்லோரும் அழைக்கும் டைல்ஸ் தொழிலாளி என் மீது கொடுத்துள்ள புகார் தொடர்பாக, இன்று பதினொன்றாம் தேதி காலை பத்து இருபதுக்கு நிலையத்துக்கு வந்து சொல்வதாவது.

எங்கள் ஹாலின் தரை வெளிர் நிற டைல்ஸ் பதித்தது. பதித்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதற்கு நான் மெழுகு பூசி வந்தேன். ஒருமுறையும் தவறியதில்லை. சில வருடங்களாகச் சுவர் ஓரங்களில் தரை பழுப்பாகி, டைல்ஸ் இடுக்குகள் கருத்து, வெயில் நாட்களில் செருப்பு ஒட்ட ஆரம்பித்தது. பழைய மெழுகை எடுத்துவிட்டு தண்ணீர் இறங்காமல் தடுக்கும் சீலர் பூச வேண்டும் என்று மகனிடம் சொன்னேன். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? வீட்டைக் கலைச்சுப் போட்டுட்டு நடுவுல மாட்டிக்கிட்டு, அப்புறம் என்னைக் கூப்பிடப் போறே" என்றான். கூப்பிட மாட்டேன் என்று சொன்னேன். அதன் பிறகு நானே தரைக்காரரை வரவழைத்தேன்.

ஏழாம் தேதி காலை அவர் இரண்டு கூலியாட்களுடன் வந்தார். தெருக்கதவும் உள்நடைக் கதவும் ஹாலின் ஒரு பக்கத்தில் உள்ளன. எதிர்மூலையில் கம்பி போட்ட ஜன்னலும், வெளிப்பக்கமாகத் திறக்கும் பக்கக் கதவும் உள்ளன. என் சொற்படி கூலியாட்கள் கண்ணாடி அலமாரியையும் சாப்பாட்டு மேசையையும் பக்கக் கதவு வழியாக வெளியே கொண்டுபோய், மழை படாத இடமாகப் பார்த்து, அந்தக் கதவை ஒட்டியே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதன் பிறகு தரைக்காரர் மூலையில் ஒரு டைல்ஸில் மட்டும் கரைப்பானை ஊற்றிக் கால்மணி நேரம் ஊறவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தார். சாம்பல் நிறத்தில் கூழ் போல வந்தது. அதை விரலில் எடுத்து என்னிடம் காட்டினார்.

"இது தரை இல்லம்மா, மெழுகுவர்த்தி. அழுக்கு மேல மெழுகு, மெழுகு மேல அழுக்கு. பளபளன்னு மூடி மூடியே வச்சிருக்கீங்க."

முழுவதையும் அப்படியே சுரண்டச் சொன்னேன்.

அன்றும் மறுநாளும் அவர் தரை முழுவதையும் பகுதி பகுதியாக ஊறவைத்துச் சுரண்டி, இடுக்குகளை நைலான் பிரஷால் ஒவ்வொரு கோடாகத் தேய்த்து, கூழைத் துணியால் ஒற்றி எடுத்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசினார். மூன்றாவது முறையும் அலசச் சொன்னேன். அலசினார். வேலையில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அலமாரி இருந்த மூலையில் மட்டும் மெழுகு தடிமனாக இருந்ததால் எட்டாம் தேதி மாலை அங்கே இரண்டாம் முறை கரைப்பான் ஊற்ற வேண்டியதாயிற்று. அதனால் ஒன்பதாம் தேதி காலை கதவுப் பக்கம் காய்ந்தும், மூலை ஈரமாகவும் இருந்தது.

மூலை காய மதியம் ஆகும் என்றும், அதன் பிறகு மூலையில் தொடங்கிக் கதவை நோக்கி சீலர் பூசிக்கொண்டு வரலாம் என்றும், தனக்கு அன்று ஒரு வேலை இருப்பதால் மறுநாள் வந்து செய்வதாகவும் தரைக்காரர் சொன்னார். பத்தாம் தேதி காலை என் பள்ளித் தோழியர் நால்வர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஆகவே, காய்ந்திருக்கும் கதவுப் பக்கத்திலிருந்து தொடங்கி மூலையில் முடிக்கும்படி சொன்னேன்.

"நுனிக்கொம்புல உக்காந்துக்கிட்டு அடிக்கொம்ப வெட்டச் சொல்றீங்களேம்மா. கடைசில நான் எங்க போறது?" என்றார்.

"பக்கக் கதவு எதுக்கு இருக்கு? சொன்னதைச் செய்யுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, பையையும் வாளியையும் மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, பதினொன்றரை மணிக்குக் கதவருகே தொடங்கினார். இடுக்குகளில் சிறிய பிரஷால் பூசி, டைல்ஸ் மேல் தேங்கியதை உடனுக்குடன் துடைத்து, அதன் மேல் மெல்லிய பூச்சாக முழுத் தரைக்கும் பூசிக்கொண்டே பின்னோக்கிப் போனார். ஒன்றேகாலுக்கு மூலையில் முடித்துப் பக்கக் கதவைத் தள்ளினார். கதவு திறக்கவில்லை. வெளியே அலமாரியும் மேசையும் இருந்தன. அது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் கொல்லை வழியாகச் சுற்றிப் போய் அலமாரியைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. இருபுறத்து வீடுகளும் பூட்டியிருந்தன.

நான் உள்நடையில் வந்து நின்றதும், அன்று தனக்கு என்ன வேலை என்பதை அவர் சொன்னார். அவருடைய மகளுக்குத் தாதியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து அலுவலர் முன் கையெழுத்திட அன்று மாலை நான்கு மணி கடைசி. மகளுக்குத் தாய் இல்லை. சான்றிதழ்கள் அவருடைய பையில் இருந்தன. மூன்று மணி பேருந்தைப் பிடித்தால் போதும் என்றும், ஒரு மணி நேரம் காய்ந்த பின் காலுறையோடு நடந்தால் தரைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார்.

சீலர் டப்பா என்னிடம் இருந்தது. அதில் நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தது. அதை வாசித்துக் காட்டினேன்.

"டப்பாவுல ஆயிரம் போடுவான்மா. முப்பது வருஷமா நான் நடந்துக்கிட்டுதான் இருக்கேன்."

"எழுதியிருக்கிறதை விட உங்களுக்குத் தெரியுமா? ஒரு கால்தடம் விழுந்தாலும் முதல் டைல்ஸ்லேர்ந்து மறுபடி சுரண்ட வைப்பேன். தெருவுல நாலு பேர்கிட்டயும் சொல்லுவேன்" என்றேன். இவை நான் சொன்ன சொற்களே. அவர் புகாரில் இதைவிடக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு இரண்டரை மணிக்கு அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் மறுத்தேன். இரண்டே முக்காலுக்கு அவருடைய மகள் தேடிக்கொண்டு வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்றாள். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாள். அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"அப்பா, தரைதானேப்பா. நடந்து வாங்க."

"அந்தம்மா வேண்டாங்கிறாங்கடா."

"வேண்டாம்னா? அவங்க என்ன சிங்கமா?"

"மெதுவாப் பேசு, அங்கதான் நிக்கிறாங்க. வேண்டாம்னு சொன்ன தரையில கால் வச்சா நாளைக்கு என்னை யாரு வீட்டுக்குள்ள விடுவா?"

அந்தப் பெண் கம்பி வழியாக என்னைப் பார்த்து, "மேடம், அலமாரியை நகர்த்த யாராவது இருக்காங்களா? உங்க பையன், சொந்தக்காரங்க யாராவது?" என்று கேட்டாள். நான் தொலைபேசி இருக்கும் அறைக்குப் போனேன். தொலைபேசியைக் கையில் எடுத்தேன். மகனின் எண் எனக்கு மனப்பாடம். எண்களை அழுத்தவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, மகன் எடுக்கவில்லை என்று சொன்னேன். அது பொய்.

மூன்று ஐந்துக்கு அந்தப் பெண் சான்றிதழ்களைக் கம்பி வழியாக வாங்கிக்கொண்டு, தனியாகவாவது போய்க் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள். தரைக்காரர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். உள்நடை நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு ஹால் கடிகாரம் அடித்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பிரஷ் மயிரில் ஒட்டியிருந்ததை நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தார். ஐந்தேகாலுக்குப் போகலாம் என்று சொன்னேன். நடந்து வந்தார், பிரஷ்களைக் குழாயடியில் கழுவினார்.

"தரை நல்லா வந்திருக்கும்மா. சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க, முத்து மாதிரி நிக்கும். இனிமே மெழுகு மட்டும் போடாதீங்க."

அவர் சொன்னது இவ்வளவுதான். போய்விட்டார்.

அதன் பிறகு ஒரு கரண்டித் தண்ணீரை இடுக்குகளில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். நின்றது. அதன் பிறகு, பின்னால் தேவைப்பட்டால் வாங்குவதற்காக, சீலரின் பெயரை நோட்டில் எழுத டப்பாவை எடுத்தேன். அதன் மறுபக்கத்தில், நடப்பதற்கு ஒரு மணி நேரம் என்றும், மேசை நாற்காலிகளைத் திரும்ப வைப்பதற்கு நான்கு மணி நேரம் என்றும் அச்சிட்டிருந்தது. மதியம் நான் டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த, படிக்கத் தெரியாத அவர் சொன்னது சரி.

பத்தாம் தேதி காலை தோழியர் வந்தார்கள். தரை நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நடந்ததை நான் அவர்களிடம் மறைத்தேன். அன்று மதியம் நிலைய எழுத்தர் வீட்டுக்கு வந்து புகாரைப் படித்துக் காட்டினார். தாமதமாக வந்தவர்களுக்கு இடம் இல்லை என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லிவிட்டதாகவும், தகப்பனார் வர முடியாதபடி நிறுத்தி வைக்கப்பட்டார் என்று காவல் நிலையத்திலிருந்து சான்று கொண்டுவந்தால் மட்டும் ஏற்பதாகவும், அதற்குப் பதினொன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிவரை அவகாசம் தந்திருப்பதாகவும் அதில் இருந்தது.

அன்று மாலை மகன் ஒரு வக்கீலுடன் வந்தான்.

"கதவு திறந்துதானேம்மா இருந்தது? நீ பூட்டலையே? அதை மட்டும் சொல்லு. கேஸ் நிக்காது."

"உனக்கு நான் போன் பண்ணேனா?"

"வரலையே."

"வராது. நான் பண்ணவே இல்லை."

"ஏம்மா? பத்து நிமிஷத்துல வந்திருப்பேனே."

"வந்து, 'நான்தான் அப்பவே சொன்னேனே'ன்னு சொல்லியிருப்பே."

அவன் தரையைப் பார்த்தபடி, "சொல்லியிருப்பேன்தான்" என்றான்.

வக்கீல் எழுதிக்கொண்டு வந்த தாளில் நான் கையெழுத்திடவில்லை. அதில் நான்கு எழுத்துப் பிழைகளும் ஒரு பொய்யும் இருந்தன. தரைக்காரர் தன் விருப்பப்படி காத்திருந்தார் என்பதே அந்தப் பொய்.

சற்று முன் ஆய்வாளர், என் வயதை முன்னிட்டு, "நிறுத்தி வைச்சீங்கன்னு எதுக்கும்மா? 'தவிர்க்க முடியாத தாமதம்'னு போட்டுக்கலாமே, உங்களுக்கும் நல்லது" என்று சொன்னார். அவருடைய மரியாதைக்கு நன்றி. தாமதம் தவிர்க்கக்கூடியது. தெருக்கதவு திறந்திருந்தது உண்மை. ஆனாலும், மிரட்டும் சொற்களாலும், தவறாக வாசித்த டப்பாவாலும், செய்யாத தொலைபேசி அழைப்பைச் செய்ததாகச் சொன்ன பொய்யாலும், ஒன்பதாம் தேதி பிற்பகல் இரண்டேகால் மணி முதல் ஐந்தேகால் மணிவரை அவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாக நான் நிறுத்தி வைத்தேன். இந்தச் சொற்களை மாற்றாமல் பதிவுசெய்யும்படி கேட்டேன். இதற்கான சட்ட நடவடிக்கை எதுவானாலும் அதை என் வீட்டு முகவரிக்கு அனுப்பலாம், மகனுடைய முகவரிக்கு வேண்டாம்.

எழுதியதை எழுத்தர் படித்துக் காட்ட முன்வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு இருபக்கமும் நானே படித்தேன். இரண்டு இடங்களில் திருத்தி, திருத்தத்தின் அருகே சுருக்கொப்பம் இட்டேன். இதில் உள்ளது அனைத்தும் நடந்தது நடந்தபடியே.

சான்றாகக் கொடுக்க இதன் நகல் கிடைக்க வழக்கமாக மூன்று நாள் ஆகும் என்று எழுத்தர் சொல்கிறார். இப்போது மணி பதினொன்று ஐந்து. பயிற்சிப் பள்ளிக்கு இங்கிருந்து வாடகைக் காரில் இருபது நிமிடம். கார் வாசலில் நிற்கிறது, தரைக்காரரும் அவருடைய மகளும் அதில் இருக்கிறார்கள். முத்திரையிட்ட நகல் என் கைக்கு வரும்வரை நிலையத்தின் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என்னை இங்கே யாரும் நிறுத்தி வைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பதிவுசெய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

(கையொப்பம்)