விடுதி உண்டோ என்று கேட்ட பிள்ளை

எனக்கு ஒழுங்காக எழுத வராது, கேட்டதில் பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், நெடுந்தீவுப் படகால் வந்த அக்காவும் தங்கையும் எனக்கு முன்னால் இருந்தார்கள். பல்கலைக்கழகம் போக விரும்பும் பிள்ளைகளுக்கு ஃபோனில், சூம் வீடியோவில் நடக்கும் கூட்டம் பற்றித்தான் கதை.

“போனமுறை நீ எழும்பி நிண்டதாலை கமராவிலை கம்பஸ்காரர் உன்ரை வயித்தைத்தான் கண்டவை,” என்றாள் அக்கா.

“கம்பஸ் சேர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழும்பாமல் கதைக்கிறதே?”

“எல்லாரும் சிரிக்க, கேக்க வந்ததைக் கேளாமல் ஃபோனை நிப்பாட்டிப்போட்டாய். இண்டைக்கு என்ன கேக்கப்போறாய்?”

“என்னென்ன பாடம் எண்டு.”

“அது அவையின்ரை இணையத்திலை கிடக்கு. விடுதி கிடையாட்டி அப்பா உன்னை விடார். அதைக் கேளன்.”

“அதைக் கேட்டால் தீவார் எண்டு நக்கலடிப்பினம், அக்கா.”

“நக்கலுக்குப் பயமெண்டால் வீட்டிலை இருந்து கருவாடு காயவை.”

வேலணை தாண்டக் கூட்டம் தொடங்கியது. கை காட்டிய தங்கையின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“சேர், நான் நெடுந்தீவு. விடுதி இல்லாட்டி வீட்டிலை என்னை விடாயினம். இடம் கிடைக்குமோ?”

சேர் வாய் திறக்க முன்னமே ஃபோனில் வேறொரு பிள்ளையின் குரல் வந்தது.

“நான் மன்னார், சேர். நானும் அதைத்தான் கேக்க இருந்தனான்.”

பிறகு இன்னொரு பிள்ளை. பிறகு இன்னொன்று.

தூரத்துப் பிள்ளைகளுக்கு முதல் வருடம் இடம் உண்டு என்று சேர் சொன்னதாகத்தான் என் காதில் விழுந்தது. பஸ் இரைச்சலில் பிழையாகக் கேட்டேனோ தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது ஒருக்கால் விசாரித்துச் சொல்லுங்கள். என் எழுத்தை நம்பி ஒரு பிள்ளை ஏமாறக்கூடாது.