கேபினுக்குள் கேட்டது

பழைய வண்டியில் சத்தம் என்றால் எல்லோரும் எஞ்சினைத்தான் திட்டுவார்கள். பாவம், அது என்ன செய்யும். பாதிச் சத்தம் கதவிலிருந்துதான் வருகிறது சார். ரப்பர் காய்ந்துபோய், தகரமும் தகரமும் இடித்துக்கொள்ளும். கால் வைக்கும் இடத்தில் துரு தின்ற ஓட்டைகள் இருக்கும். அவற்றை அடைத்தாலே வண்டி பாதி வாயை மூடிவிடும். உட்காரச் சொன்னதற்கு நன்றி. அன்றைக்கு உங்களிடம் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது, அதற்காக வந்தேன். மெதுவாகத்தான் சொல்வேன். கொஞ்சம் அசதியாக இருக்கிறது.

எங்கள் பிக்கப் உங்கள் ஸ்டேஷன் சுவரோரம்தான் நிற்கிறது. ஹார்னைத் தவிர அதில் எல்லாமே சத்தம் போடும் என்று அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். அண்ணனுக்கு ஒரு கண்ணில் பார்வை மட்டு, அதனால் ஓட்டுவது நான். அவர் பின்னால் சாமான்களோடு நின்றுகொண்டு வருவார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கேபினின் மேல்தகட்டில் உள்ளங்கையால் தட்டுவார்.

எல்லாவற்றுக்கும் தட்டுவார். மெதுவாகப் போ என்று தட்டுவார். பின்னால் பஸ் வருகிறது, ஒதுங்கு என்று தட்டுவார். சாலையோரம் ஒரு நாய்க்குட்டி தன் வாலையே துரத்திச் சுற்றுகிறது, நீயும் பார் என்று தட்டுவார். நான் நிறுத்துவேன், இறங்கிப் போய்க் கேட்பேன், பார்ப்பேன், ஏறுவேன். ஸ்டியரிங் என் கையில் இருந்தது. வண்டியை ஓட்டியது அண்ணன். வீட்டிலும் அதே கைதான். விடிந்ததும் என் அறைச் சுவரில் தட்டுவார். குளிக்கப் போனால் கதவில் தட்டி, "என்னடா, உள்ளயே தூங்கிட்டியா?" என்பார். நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. தெருவில் விசாரித்துப் பாருங்கள். அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.

போன மழைக்காலத்தில் என் காதுக்குள் இரைச்சல் ஆரம்பித்தது. வண்டியை நிறுத்திவிட்டு வந்து படுத்தாலும் தலைக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்காவிட்டால் காது கெட்டுவிடும் என்று டாக்டர் சொன்னார். அண்ணன்தான் முதலில் பதறினார்.

"வண்டி ஓடலைன்னா ஓடாம கிடக்கட்டும். காது போச்சுன்னா யாருடா குடுப்பா? மொதல்ல வேலையப் பாரு."

வண்டியை வாசலில் நிறுத்தி சீட்டைக் கழற்றினோம். டிங்கர் வந்து தரையில் இருந்த ஓட்டைகளுக்கெல்லாம் தகடு வைத்தார். நான் கதவுகளைப் பிரித்து, உள்பக்கம் தார்த் தகடுகளைச் சூடாக்கி ஒட்டினேன். பசை பிடிக்கிறவரை அண்ணன் தன் கையாலேயே அழுத்திக்கொண்டு நின்றார். சீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி ஜன்னல் கடகடவென்று ஆடியது. அதை எடுத்துவிட்டுப் பலகையும் பஞ்சுத் தகடும் வைத்து மூடினேன். கூரைக்கு மட்டும் எது ஒட்டினாலும் தொங்கியது. அதற்கு அண்ணி வழி சொன்னார். அவர் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். பழைய போர்வைகளை அடுக்கி, நடுவில் பஞ்சு வைத்து, கட்டம் கட்டமாகத் தைத்து, கூரையின் அளவுக்கே ஒரு மெத்தை செய்து கொடுத்தார். அண்ணன் உள்ளே தலையை விட்டு அண்ணாந்து பார்த்தார்.

"நம்ம கட்டில்லகூட இப்படி மெத்தை இல்லையே. நான் இனி இங்கயே படுத்துக்கறேன்."

"படுங்க, யாரு வேணாங்கறா," என்றார் அண்ணி. பிறகு ஊசியைத் துணியில் குத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஆமா தம்பி, இதுக்கு மேல அவரு தட்டுனா உனக்குக் கேக்குமா?"

"அவன் காது எனக்காகவே செஞ்சது. கேக்காம எங்க போகும்?" என்று அண்ணன் பதில் சொன்னார். நான் திருப்புளியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

முதல் சவாரி நன்றாக இருந்தது. ஒரு சிக்னலில் அண்ணன் குதித்து வந்து என் ஜன்னலருகே நின்றார். "தட்டுனேனே, கேட்டுச்சாடா?" என்றார். "கேட்டுச்சுண்ணே" என்றேன். இது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அண்ணிக்குத் தெரியாது.

இங்கேதான் என் கணக்குத் தப்பிவிட்டது சார். எஞ்சின் அடங்கிவிட்டது, கதவு அடங்கிவிட்டது, காற்றும் அடங்கிவிட்டது. அதுவரை அந்த இரைச்சலில் கலந்து வந்த அண்ணனின் தட்டு இப்போது தனியாக வந்தது. அடுத்த தெருவில் யாரோ துணி துவைப்பதுபோல, மெத்தென்று, ஆனால் தெளிவாக. சத்தத்தையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, அதை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டியதுபோல் ஆகிவிட்டது. ஒருநாளாவது அது வராமல் ஒரு தெருவைக் கடக்க முடியுமா என்று நினைப்பேன். நினைப்பது குற்றமில்லையே.

உங்கள் ஏட்டையா கேபினுக்குள் உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, மேலே இன்னொருவரைத் தட்டச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டிருக்காது. அந்தக் கைக்கு அவர் பழக்கப்பட்டவரில்லை.

அன்றைக்கு மருந்துக்கடைக்காரர் வீட்டுச் சாமான். அவர் தன் ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டார். பீரோவைச் சுற்றிக் கயிறு கட்டியது நான். நன்றாகத்தான் கட்டினேன், அதில் என்மேல் குறை இல்லை. கயிறு பழசு. மேட்டில் ஏறும்போது அறுந்தது. பீரோ சாய்ந்து அண்ணனைக் கேபினின் முதுகுப்பக்கத்தோடு சேர்த்து அழுத்திவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கேட்கவில்லை என்று சொன்னேன். கேட்டது.

வழக்கமான தட்டு என்று நினைத்தேன். இல்லை, அதுவும் சரியில்லை. வழக்கமான தட்டு உள்ளங்கையால் வரும், மேலிருந்து வரும். இது முஷ்டியால் வந்தது, என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நின்றுகொண்டிருக்கிற ஆள் அந்த இடத்தில் தட்ட முடியாது. எனக்கு உடனே புரிந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அண்ணனின் ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் எதையோ பிடிக்கப் பார்த்தன. இடதுபக்கம் டயர் கடை இருந்தது, முன்னால் தாராளமாக இடம் இருந்தது. அங்கே நான் பலமுறை நிறுத்தியிருக்கிறேன். மேடு ஏறட்டும் என்று நினைத்தேன். மேடு ஏறிய பிறகு, இறக்கத்தில் நிறுத்தினால் பீரோ இன்னும் சாயும் என்று நினைத்தேன். இறக்கம் முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசல் வந்தது. ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றேன். அது உள்ளே திரும்பியதும் மறுபடி கியர் போட்டேன்.

அப்போது ஒருமுறை தட்டினார். லேசாகத்தான். அதன் பிறகு தட்டவில்லை.

அந்தச் சாலையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை சார். காதுக்குள் இருந்த இரைச்சல்கூட நின்றுவிட்டது. நான் வேகமாகப் போகவில்லை. நேர்வழியில் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனேன். மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினார். அதற்கப்புறம் நானும் கத்தினேன். வழியிலேயே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம்.

விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். தோளில் கை வைத்துத் தைரியமும் சொன்னீர்கள். நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அண்ணி சாப்பிடுவதில்லை. தையல் மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டார். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொல்கிறார்.

"நான் தைச்சுக் குடுத்த மெத்தைதான் அவர அமுக்கிடுச்சு. அது இல்லாட்டி என் கொழுந்தனுக்குக் கேட்டிருக்கும். என் கையாலயே செஞ்சுட்டேன்."

என்னைப் பார்த்தால் இன்னும் மோசம். "உன்மேல தப்பில்ல தம்பி, உனக்கு எப்படிக் கேக்கும்?" என்று கும்பிடுகிறார். எனக்காகவும் சேர்த்து அழுகிறார். அந்த நல்ல மனுஷி செய்யாத பாவத்தைச் சுமக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. நீங்கள் போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னால் அவரைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைப்பார். மெத்தையால் ஒன்றும் ஆகவில்லை, கொழுந்தனுக்கு எல்லாமே கேட்டது என்று சொல்லுங்கள். அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு சார். விக்கி விக்கி அழுகிறார், மூச்சு வாங்குகிறார், மறுபடி ஆரம்பிக்கிறார். ஒன்று விடாமல் இந்தப் பக்கம் வருகிறது. கேபினுக்குப் போக மீந்த பஞ்சுத் தகட்டை நேற்று அந்தத் தடுப்பில் வைத்து அளந்து பார்த்தேன். பாதிக்குக்கூட வரவில்லை.