மூணு மாசக் கெடு

அட, தள்ளியெல்லாம் உக்கார வேணாம்மா, இந்தப் பெஞ்சு நாலு பேரத் தாங்கும். பால்குடுக்கைய மடியிலயே வச்சுக்க, கீழ வச்சா நர்சம்மா சத்தம் போடும்.

யாரோ சொந்தக்காரரப் பாக்க வந்தியா? சரி சரி. இந்த வராந்தாவுல எல்லாருக்கும் ஒரே சீக்குதான், சாப்பாடு எறங்குற குழாயில கட்டி. கொதிக்கக் கொதிக்க டீ குடிக்கிறதால வருதுங்கிறாங்க. இந்த மலைக் குளிருக்கு ஆறின டீய யாரு குடிப்பா, நீயே சொல்லு.

எனக்கு வீட்டுக்காரரு. அராப் மோசோனிக்னு பேரு. போன வருசம் மழைக்கு முன்னால கூட்டியாந்தேன். உகாலிக் களி ஒரு உருண்ட விழுங்கினா நெஞ்சுலயே நிக்குதுன்னாரு. சின்ன வயசு டாக்டரு, படத்த வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு மூணு மாசம்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு, கொற சொல்லக் கூடாது.

நாளு குறிச்சுட்டா மனுசன் என்ன பண்ணுவான்? பாரத்த எறக்கி வைப்பான். வீட்டுக்குப் போனதும் என்னைய உக்கார வச்சு, கெரிச்சோ தேயிலத் தோட்டத்துல இன்னொருத்தி இருக்கா, ஏழு வருசமாச்சுன்னு சொல்லி அழுதாரு. சாகப் போற மனுசன்கிட்டச் சண்ட போட முடியுமா? மூணு மாசந்தானேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டேன்.

அப்புறந்தான் தொண்ட வழியா ஒரு வலைக்குழாய உள்ள எறக்கி விட்டாங்க. கேழ்வரகுக் கூழு எறங்கிச்சு. பெறகு மசிச்ச உருளக்கெழங்கு. டாக்டருங்க படத்தப் பாத்து நாளு சொல்றாங்க, நாங்க எது எறங்குதுன்னு பாத்துச் சொல்லுவோம். ஆறு மாசம் போச்சு, மனுசன் அருவாளத் தூக்கிட்டு மாட்டுக்குப் புல்லறுக்கக் கெளம்பிட்டாரு. கடைசியாப் பாக்கிறோம்னு வந்து அழுதுட்டுப் போன சொந்தமெல்லாம் சந்தையில அவரக் கண்டு ஒதுங்குது. சிரிச்சுக்க, பரவால்ல, நானே சிரிச்சிருக்கேன்.

எம் பாடுதான் திண்டாட்டமாப் போச்சு. மூணு மாசத்துக்குன்னு கடிச்ச பல்ல ஒண்ணரை வருசமா கடிச்சுட்டு இருக்க முடியுமா? கூழ ஆத்தி ஆத்திக் குடுப்பேன், உள்ளுக்குள்ள எனக்குக் கொதிக்கும். அந்தப் பக்கம் தல வச்சுப் படுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அவரும் போகல. வாசல்ல உக்காந்து தோட்டத்து லாரி வர்ற ரோட்டையே பாத்துட்டு இருப்பாரு.

எங்க சனத்துல ரெண்டு பொண்டாட்டி என்ன புதுசா? மூத்தவகிட்ட ஒரு வார்த்த கேக்கணும், அதான் மொற. கேட்டிருந்தா நானே முன்னால நின்னு பொண்ணு கேட்டிருப்பேன். கேக்கல. அதுதான் ஆற மாட்டேங்குது.

இப்ப எப்படியிருக்காரா? வலையத் தாண்டிக் கட்டி வளந்துருச்சு. கூழு நின்னுச்சு, பாலு நின்னுச்சு, முந்தாநாள்லேந்து தண்ணியும் எதுக்களிக்குது. அதே டாக்டருதான். இந்தத் தடவ கெடு எதுவும் சொல்லல, எங் கையப் புடிச்சுக்கிட்டாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. களைச்சுட்டேம்மா. அவரத் தூக்கி உக்கார வச்சுக் களைக்கல, இந்தக் கோவத்தச் சொமந்துதான் களைச்சுட்டேன்.

அழாத, கண்ணத் தொடச்சுக்க. நீ வந்து உக்காந்ததுமே எனக்குத் தெரியும். உங் குடுக்கையில அந்தத் தோல்வாரு பின்னி ஓரத்துல ரெட்ட முடிச்சுப் போட்டிருக்கு பாரு, எங்க வீட்டுக் குடுக்கையிலயும் அதே முடிச்சுதான். அவரு கைவேல.

இங்க பாரு செரோனோ, லாரிக்காரன்கிட்ட ஒனக்குச் சொல்லி விட்டது அவரு இல்ல. நாந்தான். நீ வர்றது அவருக்குத் தெரியாது.

போ, சன்னலோரம் மூணாவது கட்டிலு. பாலு எறங்காது, ஒதட்டுல தொட்டு வையி, ருசி தெரியட்டும். யாரு வரச் சொன்னான்னு கேப்பாரு. அக்கா வரச் சொன்னாங்கன்னு சொல்லு.