மாக்கஸ் தடுக்கி விழவில்லை

பெயர்: சவரிமுத்து அமிர்தநாதர். வயது: ஐம்பத்திரண்டு. பிறந்த இடம்: இலங்கை, கரம்பொன். தற்போதைய முகவரி: கனடா, ஸ்காபரோ, எக்ளின்டன் வீதி கிழக்கில் உள்ள அடுக்குமாடிக் கட்டடம். தொழில்: ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். சமயம்: கத்தோலிக்கம். எனக்கு ஆங்கிலம் தெரியும். இருந்தும் இந்த விஷயத்தைத் தமிழில் சொல்லவே விரும்பியதால் திருமதி கமலாம்பிகை பத்மநாதன் மொழிபெயர்ப்பாளராக அழைக்கப்பட்டார்.

1994 ஓகஸ்ட் இரண்டாம் திகதி செவ்வாய்க்கிழமை காலை, எவரும் அழைக்காமல் நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். பேசாமல் இருக்கும் உரிமை எனக்கு உண்டு என்று அதிகாரி சொன்னார். முப்பத்தொரு வருடமாகப் பேசாமல்தான் இருந்தேன், இனி அந்த உரிமை எனக்கு வேண்டாம் என்று பதில் சொன்னேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சமூகம் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், யேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் திருநாள் விழாவின்போது, மாக்கஸ் என்பவர் மேடையிலிருந்து கீழே விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். போட்டிருந்த அங்கியில் தடுக்கி விழுந்ததாக அவர் பொலிசாரிடம் சொல்லியிருக்கிறார். மண்டபத்தில் இருந்தவர்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள். அது பொய். நான் அவரை அடித்தேன். அடித்தபடியால் விழுந்தார்.

ஏன் அடித்தேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். 1963ஆம் ஆண்டில் நானும் இளவாலையைச் சேர்ந்த மாக்கசும் தென்னிந்தியாவில், மலைப்பக்கத்தில், யேசு சபைக் குருக்கள் நடத்திய ஒரு குருமடத்தில் குருவாவதற்குப் படித்துக்கொண்டிருந்தோம். அங்கே இலத்தீனில் தர்க்கப் பயிற்சி நடக்கும். ஒருவர் ஒரு கொள்கையைக் காப்பார், மற்றவர் எதிர்ப்பார். யார் எந்தப் பக்கம் என்பதைப் பேராசிரியரே தீர்மானிப்பார். அதற்கு ஒரு விதி இருந்தது. எதிர்ப்பவர் சொன்னதைக் காப்பவர் முதலில் ஒரு சொல்லும் விடாமல் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிர்ப்பவர் ஓம் என்று தலையாட்டிய பின்னரே ஒப்புக்கொள்கிறேன் என்றோ மறுக்கிறேன் என்றோ அவர் பதில் சொல்லலாம்.

அன்று எடுத்த விஷயம் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் நடந்த சண்டை. யேசு சபையார் ஒரு பக்கம், ஜான்செனியர் என்ற கூட்டத்தார் மறு பக்கம். தேவ இஷ்டப்பிரசாதம், அதாவது கடவுள் நாம் கேளாமலே தரும் அருள், ஒருவனுக்குள் வந்தால் அதை அவன் வேண்டாம் என்று தள்ள முடியுமா என்பதே கேள்வி. முடியும், கடவுள் கையை நீட்டுகிறார், பிடிப்பதும் விடுவதும் மனிதன் பாடு என்றார்கள் யேசு சபையார். முடியவே முடியாது, வந்த அருள் வந்ததுதான் என்றார்கள் ஜான்செனியர். பாப்பரசர் ஜான்செனியரின் பக்கத்தைப் பதிதம், அதாவது திருச்சபைக்கு மாறான போதனை, என்று தள்ளினார். அதை ஏற்றுக் கையெழுத்துப் போடு என்று மடத்துக் கன்னியரைக்கூடப் பிடித்து நெருக்கினார்கள். இவ்வளவும் படித்த பின்னர், ஜான்செனியர் பக்கம் பேசும்படி பேராசிரியர் என்னை விட்டார். யேசு சபையாரைக் காக்க மாக்கசை விட்டார்.

நான் நன்றாகப் பேசினேன். இதில் அடக்கம் காட்ட எனக்கு விருப்பமில்லை. மூன்றாவது கேள்வியில் மாக்கஸ் வாயடைத்து நின்றார். முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் சிரித்துக்கொண்டே எழுந்து தர்க்கத்தை முடித்துவைத்தார்.

அதன் பின்னர் ஒரு மாதம் போகுமுன் குருமட அதிபர் என்னை அழைத்து, "உம்முடைய விசுவாசம் சுகமாக இல்லை" என்று சொல்லி, பெட்டியைக் கட்டச் சொன்னார். நான் வகுப்பில் பேசியது வெறும் பயிற்சிக்காக அல்ல, உள்ளுக்குள் அதையே நம்புகிறேன், அறையிலும் அதையே போதிக்கிறேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று கேட்டேன். சொல்லவில்லை. என் பக்கத்தைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடமும் தரவில்லை.

அதன் பின்னர் கரம்பொனுக்குத் திரும்பினேன். இஷ்டப்பிரசாதத்தைப் பற்றி வாதாடியதற்காக ஒருவனைத் திருப்பி அனுப்புவார்கள் என்று அங்கே ஒரு குஞ்சும் நம்பவில்லை. பெண் விஷயம் என்றே ஊர் முடிவு செய்தது. எந்தப் பெண் என்பதில் மட்டும்தான் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. என் அம்மாவும் அப்படியே நம்பினார். கோவிலில் முன்வரிசையில் இருந்தவர் அதன் பின்னர் கதவடியில் நின்றார். சாகக் கிடந்தபோதும், "உண்மையைச் சொல்லு ராசா, ஆர் அந்தப் பெட்டை?" என்று கேட்டார். அப்படி ஒருத்தி இல்லை என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பின்னர் என்னோடு பேசவில்லை. என்னைப் பற்றிய அந்தப் பொய்யோடுதான் அவர் அடக்கம் செய்யப்பட்டார். இதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

மாக்கஸ் மேலும் இரண்டு வருடம் படித்துவிட்டுத் தானாகவே குருமடத்தை விட்டு வந்தார். தானாக வந்தவருக்கு ஊரில் மரியாதை. பிறகு அருள்நாயகியைக் கலியாணம் செய்தார். நான் 1988இல் கனடாவுக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே பிக்கரிங்கில் வீடு வாங்கியிருந்தார். விமான நிலையத்துக்கு வந்து என்னை ஏற்றியவரும், ஒஷாவா வேலையை எடுத்துத் தந்தவரும், என் மகள் நிரோஷினி முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டை வாங்கித் தந்தவரும் மாக்கஸ்தான். நான் எதையும் கேட்கவில்லை. எல்லாம் கேளாமலே வந்தது. பழைய நட்பு என்று நினைத்து வாங்கிக்கொண்டேன்.

இந்த வருடம் பாஸ்குத் திருநாளான ஈஸ்டர் முடிந்த கையோடு, எங்களுடன் படித்துக் குருவான அருள்நாயகம் சுவாமி ரொறன்ரோவுக்கு வந்து என் வீட்டில் சாப்பிட்டார். சாப்பாட்டுக்கு நடுவில், "மாக்கசும் நீரும் இப்பிடி ஒற்றுமையா இருக்கிறது பெரிய விஷயம். அவர்தானே அதிபரிட்டப் போய்ச் சொன்னவர். உமக்குத் தெரியும்தானே?" என்றார். ஓம், தெரியும் என்று சொல்லி அவருக்கு இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு விட்டேன். தெரியாது என்று சொல்லி அவருக்கு முன்னால் சிறுமைப்பட எனக்கு மனமில்லை.

மாக்கசின் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் வரவேற்பறையில் இரண்டு பேருக்குள் முடிந்துபோகும். என் மானம் போனது ஊருக்கு முன்னால். அது திரும்ப வருவதும் ஊருக்கு முன்னாலேயே நடக்க வேண்டும் என்று நினைத்தேன். மாக்கசுக்கு வருகிற ஒக்ரோபரில் திருத்தொண்டர் பட்டம் கொடுக்க இருக்கிறார்கள். குருவுக்கு ஒரு படி கீழே, கலியாணம் செய்தவர்களும் பெறக்கூடிய பட்டம் அது. அதற்கு முன்னரே நடக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

ஆகவே திருநாள் விழாவுக்கு அந்தப் பழைய தர்க்கத்தைத் தமிழில் மேடையேற்றலாம் என்று விழாக் குழுவிடம் நானே சொன்னேன். மாக்கசுக்குத் தன் படிப்பை நாலு பேருக்குக் காட்ட ஆசை. உடனே சம்மதித்தார். விதியை மாற்றக்கூடாது என்று நான் கேட்டபோது, "விதிதானே தர்க்கத்தின்ர அழகு" என்றார். ஒத்திகை நடந்தது. மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்திருந்தேன். நாலாவதை என் மனதுக்குள் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. மார்க்கம் நகரிலிருந்தும் மிசிசாகாவிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். இருவரும் கறுப்பு அங்கி போட்டிருந்தோம். தர்க்கத்தின் விதியை நானே ஒலிவாங்கியில் சபைக்கு விளக்கினேன். மூன்று கேள்விகளும் ஒத்திகையில் நடந்தபடி நடந்தன. மாக்கஸ் அழகாகத் திருப்பிச் சொல்லி அழகாக மறுத்தார். சனம் ரசித்தது.

அதன் பின்னர் நான் நாலாவதைச் சொன்னேன். "வகுப்புப் பயிற்சிக்காகத் தரப்பட்ட பக்கத்தைப் பேசிய தன் தோழனை, அவன் பதிதன் என்று அதிபரிடம் போய்ப் பொய் சொல்லிக் குருமடத்திலிருந்து கலைத்தவர் நீர். அந்தத் தோழன் நான்." இவை என் சொற்கள். அவர் மறுப்பார் என்றே எதிர்பார்த்தேன். மறுத்தால் அருள்நாயகம் சுவாமியின் பெயரைச் சொல்லி, மாக்கஸ் பொய்யர் என்பதைச் சபைக்கு முன்னால் உரித்துக் காட்டுவதற்கு எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

மாக்கஸ் ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்து, ஒரு சொல்லும் விடாமல் அத்தனையையும் திருப்பிச் சொன்னார். விதிப்படி நான் தலையாட்ட வேண்டியிருந்தது. தலையாட்டினேன். "ஒப்புக்கொள்ளுறன்" என்றார். "நீர் என்னைவிட நல்லாப் பேசினீர். எனக்கு வயித்தெரிச்சல். அதிபரிட்டப் போய்ப் பொய் சொன்னனான். இவ்வளவு காலமும் உம்மட முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை. இண்டைக்கு நீரே கேட்டதுக்கு ஆண்டவருக்கு நன்றி" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

அதன் பின்னர் சபை கைதட்டியது. முதலில் ஓரிருவர், பிறகு முழு மண்டபமும் எழுந்து நின்று தட்டியது. பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். "என்ன மனசு அந்த மனுசனுக்கு!" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. முப்பத்தொரு வருடம் இழுக்குச் சுமந்த நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. என் அம்மாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "கட்டிப்பிடியுங்கோ!" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார். மாக்கஸ் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

அப்போது நான் வலது கையைப் பொத்தி அவருடைய முகத்தில் குத்தினேன். கைகளை விரித்திருந்தபடியால் அவரால் தடுக்க முடியவில்லை. பின்பக்கமாகச் சரிந்து மேடையிலிருந்து விழுந்தார். கைதட்டல் நின்றது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின்னர் அம்புலன்சும் பொலிசும் வந்தன. மாக்கஸ் விழுந்து கிடந்தபடியே, தடுக்கி விழுந்ததாகச் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டு மற்றவர்களும் அதையே சொன்னார்கள். என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அருள்நாயகி தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, ஒண்டும் யோசியாதேங்கோ. அவர் உங்களை மன்னிச்சிட்டார்" என்றார். நிரோஷினி, "அப்பா, ப்ளீஸ், ஜஸ்ட் லீவ் இட். அங்கிள் உங்களைக் காட்டிக்குடுக்கேல்லைத்தானே?" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாக்கசின் கை தூக்குத்துணியில் இருந்தது. முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார். எங்களுக்குள் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"ஏன் பொலிசுக்குப் பொய் சொன்னனீர்?"

"உம்மை உள்ளுக்கை போடுவாங்கள் எல்லோ."

"போடட்டும். உம்மட்ட ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. கேளாமல் குடுக்கிறதுதானே இஷ்டப்பிரசாதம்."

"எனக்கு வேண்டாம்."

"வேண்டாமெண்டு தள்ளேலாது எண்டுதானே நீர் வாதாடினீர்?" என்று சொல்லி, நோவோடு நோவாக மறுபடியும் சிரித்தார்.

அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அன்பாகவே சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முதல் தடவை என்னைக் கேளாமல் என்னைப் பற்றிப் பொய் சொல்லிப் பாவியாக்கினார். இப்போது என்னைக் கேளாமல் என்னைப் பற்றிப் பொய் சொல்லி நல்லவனாக்குகிறார். இரண்டு தடவையும் நான் யார் என்று தீர்மானித்தவர் அவர். யேசு சபையார் சொன்னதே சரி. வருவதைத் தள்ள முடியும். நான் தள்ளுகிறேன்.

நீதிமன்றத்திலும் குற்றத்தை ஒப்புக்கொள்வீரா என்று அதிகாரி கேட்டார். மாட்டேன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, மொழிபெயர்ப்பில் பிழையா என்று கேட்டார். "ஐயா, இதையும் எழுதவேணுமோ?" என்று திருமதி கமலாம்பிகை என்னைக் கேட்டார். "எழுதுங்கோ பிள்ளை" என்றேன். நான் அங்கே ஒப்புக்கொண்டால் வழக்கு ஒரு காலைக்குள் முடிந்துவிடும், மாக்கஸ் வரத் தேவையில்லை. மறுத்தால் அவரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். வேதாகமத்தில் கை வைத்து, நான் அடித்தேன் என்று சொன்னால் எனக்குத் தண்டனை. அடிக்கவில்லை என்று சொன்னால் சத்தியம் செய்து பொய் சொன்னவராகத் திருத்தொண்டர் பட்டத்துக்குப் போவார். எதைச் சொல்வதென்பது அவருடைய சுதந்திரம். இந்த முறை அவர் சொல்வதை நான் நேரெதிரே இருந்து கேட்பேன்.

மேலே உள்ளவை நான் சொன்னபடியே எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. எல்லாம் உண்மை. சொல்லும்படி எவரும் வற்புறுத்தவில்லை, வேண்டாம் என்று தடுத்தவர்கள்தான் உண்டு. கையொப்பமிடுமுன் அதிகாரியிடம் ஒன்று மட்டும் கேட்டேன். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி முடித்ததும் சனம் கைதட்டலாமா என்று கேட்டேன். தட்ட விடமாட்டார்கள் என்றார். அதன் பின்னர் கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) ச. அமிர்தநாதர்