பாஷா வழியனுப்பிய வெள்ளிக்கிழமை

தலைமை தாங்கித் தளராமல் வீற்றிருக்கும் வீரக்குட்டி ஐயா அவர்களே! முன்வரிசையை மூன்று மணிக்கே பிடித்துக்கொண்ட முதுபெரும் பெரியோர்களே! விட்பியிலிருந்து பனியைப் பிளந்து வந்திறங்கிய வீரத் தாய்மார்களே! பின்வாசலருகே கொத்துரொட்டிக்குக் காவல் நிற்கும் காளையரே! ரஸாக்கின் ஸலாமும் வணக்கமும்.

இந்த மண்டபத்தில் ஒருவரும் நம்பப்போகாத கதையொன்றைச் சொல்வேன் என்று மைக்கின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். சென்ற கிழமை ஒரு மனிதர் இறந்துபோனார். இங்கே கனடாவில், மார்க்கம் நகரில் யாருக்கும் தெரியாது. மிசிசாகாவில் யாரும் அழவில்லை. அவர் பெயர் தெமிர்பெக் பாஷா. அரபு மன்னராட்சி ஒன்றின் பிரதமர். நான் பதினொரு வருடம் அவருடைய சாரதி.

எந்த நாடு என்கிறீர்களா? சொன்னால் ஹஜ்ஜுக்குப் போகிற வழியில் என்னை இறக்கிவிடுவார்கள்!

அவர் அரபியர் அல்லர், சர்க்காசியர். கோக்கசு மலையிலிருந்து ரஷ்யாவின் சார் மன்னனுடைய படை துரத்த, கப்பலேறி, பாதிப் பேரைக் கடலுக்குக் கொடுத்து, பாலைவனத்தில் ஒதுங்கிய இனம். ஊரைப் பறிகொடுத்தவன் கதையை உங்களுக்கு நானா விளக்க வேண்டும்?

அரண்மனை வாசலில் காவலனாக நின்றார். ஆளுநரானார்! தூதரானார்! பிரதமரானார்! நாலு மன்னருக்கு ஊழியம் செய்தார். அவர் மீசையை முறுக்கினால் நாட்டின் பணம் மதிப்பேறும். அவர் இருமினால் நாடாளுமன்றம் கலையும். அவருடைய கையெழுத்தின் வாலைச் சுமக்க இரண்டு ஒட்டகங்கள் பின்னால் வரும்!

"அண்ணை, ஒட்டகம் ரெண்டோ மூண்டோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ!" என்கிறார் பின்வாசலில் நிற்கும் கோகுலன். தம்பி, மூன்றாவது அன்றைக்கு லீவு!

ஒருநாள் இளைய மன்னரிடமிருந்து கட்டளை வந்தது. விசா முடிந்த வெளிநாட்டார் எல்லோரும் வெள்ளிக்கிழமைக்குள் வெளியேற வேண்டும். பாஷா ஒப்பமிட்டார். ஐம்பது வருடம் வந்த கடதாசியில் எல்லாம் ஒப்பமிட்ட கை, அன்றும் இட்டது. என் விசாவும் முடிந்திருந்தது. புதுப்பிக்க மறந்தவர்கள் அவருடைய சொந்தக் கந்தோர் எழுத்தர்கள்!

"பாஷா, ஒரு டெலிபோன் கோல் எடுத்தாப் போதும், என்னை விட்டுடுவாங்க" என்றேன்.

"உன்னை மட்டும் விட்டால், மற்ற நாற்பதாயிரம் பேருக்கு எந்த முகத்தைக் காட்டுவேன்?" என்றார். பிறகு நெடுநேரம் தன் கையையே பார்த்திருந்தார். "ஆனால், நீ என் வீட்டில் சாப்பிட்டவன்."

சபையோரே, சர்க்காசியர் வழக்கம் ஒன்று உண்டு. வீட்டில் ஒரு வேளை உண்டவன் விருந்தாளி. அவனை வாசலோடு அனுப்பக்கூடாது. கூடவே போய் வழியனுப்ப வேண்டும். அவன் கண்ணுக்கு மறையும்வரை முதுகைத் திருப்பக்கூடாது. நானோ பதினொரு வருடம் அவர் தட்டில் கைவைத்தவன்!

பாஷா என்னை வழியனுப்ப நினைக்கிறார் என்ற செய்தி அரண்மனைக்கு எட்டியது. வெளியேற்றப்படுகிறவனோடு பிரதமர் விமான நிலையம் போனால், திரும்பக் கந்தோருக்கு வரவேண்டாம் என்றார்கள். ஒரு தட்டில் ஐம்பது வருடப் பதவி. மறுதட்டில் ஒரு சாரதி. எதைக் காப்பார்? எதை இழப்பார்?

"உந்தக் கேள்வியெல்லாம் கிடக்கட்டும், மனுசன் வந்தாரோ இல்லையோ?" என்கிறார் முன்வரிசையிலிருந்து கனகாம்பிகை அன்ரி.

வந்தார் அன்ரி, வந்தார்! வெள்ளைக் குதிரையில் வந்தார்! வாளை உருவினார், விமானம் முழங்காலிட்டது! நாற்பதாயிரம் பேரையும் தோளில் சுமந்து, கடல் கடந்து, அவரவர் வாசலில் இறக்கிவிட்டார்! தட்டுங்கள் கையை!

போதும். நிறுத்துங்கள்.

குதிரை பொய். வாள் பொய். நாலு மன்னரும் பொய், இரண்டு பேர்தான். நாற்பதாயிரத்தை நான் எண்ணவில்லை. யாரையும் அவர் காப்பாற்றவில்லை. அந்த ஒப்பம் அழியவுமில்லை. உடல்நலக் குறைவால் பிரதமர் பதவி விலகினார் என்று பத்திரிகை எழுதியது.

இந்தக் கதையில் சின்னத் துண்டு ஒன்றுதான் உண்மை. சாரதி இல்லாததால் அவர் டாக்சியில் வந்தார். டிக்கெட் இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று கண்ணாடிக் கதவடியில் ஒரு பொலிஸ் பொடியன் மறித்தான். அவர் தன் பெயரைச் சொல்லவில்லை. மூன்று மணித்தியாலம் எங்கள் வரிசை ஊர்ந்தது. திரும்பிப் பார்த்த ஒவ்வொரு தடவையும், கண்ணாடிக்கு அப்பால், வெயிலில், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். கடைசிவரை அவருடைய முதுகை நான் காணவில்லை.

பொய்க்குக் கைதட்டியவர்களுக்கும், உண்மைக்கு மௌனம் காத்தவர்களுக்கும் நன்றி. ஸலாம். வணக்கம்.