இலக்கு இல்லாத மரம்

எங்கள் தெருவின் நடுவே ஓடும் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு நகராட்சி. குப்பை வண்டி அவர்களுக்குச் செவ்வாய், எங்களுக்கு வியாழன். மற்றபடி இரண்டு பக்கமும் அதே கலிஃபோர்னியா வெயில்தான்.

எதிர்வீட்டு ரஸ் ஒரு சனிக்கிழமை தன் வாசல் ஓக் மரத்தை வெட்டினார். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அவர்கள் ஊரில் உன் மரம், உன் பாடு. எங்கள் ஊரில் நெஞ்சு உயரத்தில் அளப்பார்கள். அடிமரத்தின் குறுக்களவு பன்னிரண்டு அங்குலத்தைத் தாண்டினால் அனுமதி வேண்டும். என் வாசல் ஓக் முப்பத்தொன்று. அது நின்ற இடத்தில்தான் என் படகுக்குக் கொட்டகை போட நினைத்திருந்தேன்.

"என்ன டேல், உங்க ஊர்ல முடி வெட்டிக்கவும் மனு போடணுமா?" என்று ரஸ் கோட்டுக்கு அப்பால் நின்று கேட்பார். நான் சிரித்துக்கொள்வேன். ஏப்ரல் வரை கெடு உள்ள வருமான வரிப் படிவத்தைப் பிப்ரவரியிலேயே அனுப்பிவிடுகிறவன் நான்.

முதல் மனு தள்ளுபடியானது. படகு ஒரு காரணமல்லவாம்; ஆபத்தான மரத்தைத்தான் வெட்டலாமாம். நகராட்சியின் மர ஆய்வாளர் டாம்சின் நேரில் வந்தார். நல்ல பெண். ரப்பர் சுத்தியலால் மரத்தைத் தட்டிக் காதுவைத்துக் கேட்டார்.

"கிளை முறிஞ்சு விழுந்தா?" என்றேன்.

"விழட்டுமே. கீழ யாரு இருக்கா? புல்லுதான? இலக்கு இல்லாத மரம் ஆபத்தான மரம் கிடையாது சார்."

படிவத்தைக் காட்டினார். 'மரத்தடியில் ஆள் இருப்பு' என்ற தலைப்பின் கீழ் நான்கு கட்டங்கள்: அரிது, எப்போதாவது, அடிக்கடி, எந்நேரமும். எனக்கு 'அரிது' என்று குறித்திருந்தார். நான் எதை நிரப்ப வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

என் மாமனார் ஆர்வில் எங்களோடு இருக்கிறார். இருந்தார். பக்கவாதம் வந்த பிறகு சக்கர நாற்காலி. இடது கை மட்டும் கொஞ்சம் பேச்சுக் கேட்கும். நாற்காலியைத் தானே உருட்ட அது போதாது. மறுநாளிலிருந்து காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அவரை மரத்தடியில் வைத்தேன். தொப்பி, போர்வை, வானொலியில் பேஸ்பால் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. என் மனைவி லோர்னா கண்கலங்கிவிட்டாள். "எங்கப்பாவை இப்படிப் பாத்துக்க வேற யாருக்கு வரும்?" என்றாள்.

ஆர்விலுக்குத்தான் பிடிக்கவில்லை. "மாப்ளே, தலையில கொட்டை கொட்டையா விழுது. என்னை அணில்னு நெனச்சியா?"

"காத்தோட்டமா இருக்கும் மாமா."

"வெயில்ல தள்ளிவிடுய்யா. எலும்பெல்லாம் சில்லுனு கெடக்கு."

வெயிலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்த ஆய்வில் டாம்சின் 'எந்நேரமும்' என்று குறித்தார். ஆனால் அதன் கீழே இன்னொரு வரி இருந்தது. கிளை முறியும் வாய்ப்பு: குறைவு.

"பெரியவரை அந்தப் பக்கம் உக்கார வெச்சா விஷயம் முடிஞ்சுது சார்."

"அவருக்கு இந்த இடம்தான் உயிர்" என்றேன். ஆர்வில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிறன்று லோர்னா தேவாலயத்துக்குப் போனதும் ஏணி வைத்து ஏறினேன். பெரிய கிளையை மேற்புறமாக முக்கால்வாசி அறுத்தேன். வெட்டுவாயை உளியால் பிய்த்து விரிசல் மாதிரி ஆக்கினேன். விழ வேண்டும் என்பதற்காக அல்ல. தெரிய வேண்டும் என்பதற்காக. கிளையில் விரிசல் என்று மறுநாள் நகராட்சிக்குத் தகவல் கொடுத்தேன்; புதன் பதினோரு மணிக்கு வருவதாக டாம்சின் சொன்னார். இடையில் இருந்த நாட்களிலும் ஆர்விலை அங்கேயே வைத்தேன். ஆய்வு முடியும் முன் அவரை இடம் மாற்றினால் படிவத்தில் சொன்னது பொய்யாகிவிடும். கீழே என் கையெழுத்து இருக்கிறது.

புதன் காலையில் காற்று கூடுதலாக அடித்தது.

"இன்னிக்கு உள்ளயே கெடக்கேன் மாப்ளே. மேல என்னமோ கிறீச்சு கிறீச்சுங்குது."

"பதினோரு மணி வரைக்கும்தான் மாமா. அந்தம்மா வந்து பாத்துட்டுப் போகட்டும்." நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

பத்து நாற்பதுக்கு விழுந்தது.

இதற்கு விதி தெளிவாக இருக்கிறது. கிளை முறிந்து ஆளுக்குச் சேதம் என்றால், எதையும் அசைக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுக்க வேண்டும். அதன்பின் மரத்தை வெட்ட அனுமதியே தேவையில்லை. ஒன்பது படம் எடுத்தேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

நீங்கள் இந்த விசாரணை மேசையில் பரப்பியிருப்பவை அந்தப் படங்கள்தான். முதல் படத்தில் அவருடைய இடது கை சக்கரத்தின் மேல் இருக்கிறது, ஆறாவதில் புல்லில் இருக்கிறது, ஒன்பதாவதில் என் காலணியின் நாடாவைப் பிடித்திருக்கிறது என்கிறீர்கள். சரிதான். அப்போதே பார்த்தேன். ஆனால் எதையும் அசைக்கக் கூடாது என்றல்லவா போட்டிருக்கிறது.