கெட்டியான பக்கம்

எனக்கு உயரம் என்றால் பயம் ஐயா. கொத்தனாருக்கு இது வெளியில் சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயமில்லை. சாரத்தில் ஏறினால் கீழே பார்க்காமல் செங்கல்லையே பார்த்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். பயந்தவன் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்வான். அதனால்தான் பள்ளிக்கூட நிர்வாகி என்னை நிரந்தரமாக வைத்துக்கொண்டார். கூடவே என் மகளுக்கு அங்கே இலவசமாக ஓர் இடமும் கொடுத்தார். தாயில்லாத பிள்ளை. நன்றாகப் படிப்பாள்.

இறந்துபோன வக்கீலம்மாவை எனக்கு முன்பே தெரியும். வாயாடி வக்கீல் என்பார்கள். அந்தப் பெயர் அவருக்கும் பிடிக்கும். உள்ளதைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் அவரிடம்தான் ஓடுவார்கள். ஆலைக் கழிவைப் பற்றி எழுதிய பத்திரிகைக்காரர், மேலதிகாரியைக் கேள்வி கேட்டு வேலை போன டீச்சர் என்று எத்தனையோ பேருக்கு வாதாடியவர். கூலிக்காரர்களுக்கு நடந்த மாலைப் பள்ளியை இழுத்து மூடியபோது கோர்ட்டுக்குப் போய்த் திறக்க வைத்ததும் அவர்தான். தலை நரைத்தபிறகு நான் எழுத்துக் கற்றது அங்கேதான். அவ்வப்போது வந்து சட்டம் சொல்லித் தருவார். சொன்னது உண்மையாக இருந்தால் அது அவதூறு ஆகாது, பயப்படாமல் பேசுங்கள் என்பார். வேலை செய்த அலுப்பில் நான் தூங்கி வழிவேன். எனக்குக் கடைசி பெஞ்சு என்று பெயர் வைத்தார்.

என் மகள் படித்த பள்ளியில் ஒரு நர்ஸின் மகனும் படித்தான். மேல்மாடிக் கைப்பிடிச் சுவர் ஆடுகிறது, பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று அந்த நர்ஸ் மற்ற பெற்றோருக்கெல்லாம் போனில் எழுதிப் போட்டுவிட்டார். பள்ளியின் பேர் கெட்டுப்போச்சு என்று நிர்வாகி மானநஷ்ட வழக்குப் போட்டார். நர்ஸுக்காக வாயாடி வக்கீல் வந்தார். சுவர் ஆடுகிறதா இல்லையா, வழக்கே அவ்வளவுதான்.

ஆடியது. கட்டியவன் நான். சிமென்டைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன்.

விரிசலை அடைத்து வெள்ளையடிக்கச் சொன்னார் நிர்வாகி. அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

“கேஸ் தோத்தா ஸ்கூலை மூட வேண்டியதுதான். அப்புறம் உன் பொண்ணு உன்கூட வந்து சாந்துச் சட்டி தூக்க வேண்டியதுதான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கோர்ட் அனுமதியோடு வக்கீலம்மா சுவரைப் பார்க்க வந்தது ஒரு விடுமுறை நாள். அவருடைய ஜூனியர் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். மேலே நாங்கள் இரண்டு பேர்தான்.

“என்ன கடைசி பெஞ்சு, நீங்கதானா? எழுத்தெல்லாம் ஞாபகம் இருக்கா?”

“பஸ் போர்டு வரைக்கும் படிச்சிடுவேம்மா.”

“அது போதும். என் கையெழுத்தை ஜட்ஜே படிக்க மாட்டேங்கிறாரு.”

பேசிக்கொண்டே வீட்டுச் சாவியால் சுவரைச் சுரண்டினார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்து விரிசல் பல்லைக் காட்டியது. என்னைத் திட்டவில்லை. உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவேன், உண்மையைச் சொன்னால் போதும், பயப்படாதீர்கள் என்றார். அதைக் கேட்டதும்தான் நிர்வாகி சொன்னது ஞாபகம் வந்தது. என் மகள் தலையில் சாந்துச் சட்டி இருப்பதை அங்கேயே பார்த்துவிட்டேன்.

விரிசல் வெளிப்பக்கம் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று எட்டிப் பார்க்கவேண்டும் என்றார்.

“எந்தப் பக்கம் கெட்டியா இருக்கு?”

கட்டியவனைக் கேட்பதுதானே முறை. முறைப்படிதான் கேட்டார்.

“அந்த மூலைம்மா. தாராளமா சாயுங்க.”

அந்த மூலையில் உள்ளே கம்பியே கிடையாது. நான் அவரைத் தொடவில்லை ஐயா. பேசியதற்காக ஒரு மனிதரைத் தண்டிக்கக் கூடாது என்று கோர்ட் கோர்ட்டாக வாதாடியவர் அவர். நானும் பேசத்தான் செய்தேன். சுவர் போன சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கீழே பார்த்தால் எனக்குத் தலை சுற்றும்.

சாயவேண்டாம் என்று தடுத்தேன், அவர்தான் கேட்கவில்லை என்று அன்றைக்கு இதே ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். எழுதிக்கொண்டீர்கள். சுவரே விழுந்துவிட்டதால் நர்ஸ் ஜெயித்துவிட்டார். வக்கீலம்மாவின் கட்சி உண்மை என்று ஆனது. அந்த மட்டுக்கும் நான் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. பள்ளியை யாரும் மூடவும் இல்லை. நிர்வாகியை மாற்றி, மேல்மாடியைப் பூட்டிவிட்டு நடத்துகிறார்கள். மகளுடைய இடம் அப்படியே இருந்தது.

ஆனால் சுவர் விழுந்த அன்றைக்கு அவள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து மாடிப்படித் திருப்பத்தில் நின்றிருக்கிறாள். வீட்டில் நான் கை கழுவும்போது கேட்டாள்.

“அப்பா, நீதானே சாயச் சொன்ன?”

பெரியவர்கள் விஷயம் என்றேன். அதன்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். வாயைத் திறக்காத பிள்ளை மனசுக்குள் என்ன வைத்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? முதலில் அவள் போனை வாங்கி வைத்தேன். பிறகு பள்ளிக்கு நானே கூட்டிப்போய்க் கூட்டிவந்தேன். அப்படியும் வகுப்பில் யாரிடம் என்ன சொல்கிறாளோ என்று வேலை ஓடவில்லை. அதனால் பள்ளியை நிறுத்திவிட்டேன். ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். வெளியே பூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். அவள் நல்லதுக்குத்தான்.

பிள்ளையைக் காணோமே என்று அவளுடைய வகுப்பு டீச்சர் தேடி வந்திருக்கிறார். பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குரல்கூடப் பிசிறவில்லையாம்.

எனக்கு அவள்மேல் கோபமில்லை. சாயச் சொன்னது நான்தான். விழும் என்று தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன். செய்ததெல்லாம் அவள் படிப்புக்காகத்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள். கதவு திறக்கும்போதெல்லாம் தெரிகிறது. அவளை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் கொஞ்சம் வெளியே நில்லுங்கள். தகப்பனும் மகளும் தனியாகப் பேசிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். நான் பார்த்தால் டீச்சர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். பெற்ற அப்பனிடம் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.